நெரிசலைக் குறைக்க மாநில அரசு செய்ய வேண்டியவை: பயணத் தேவை மேலாண்மைக் கையேடு

காலை எட்டு மணிக்கு நின்றுபோகும் சாலையில் பாதி வண்டிகளையாவது அப்புறப்படுத்தினால்தான் விடிவு என்று பொதுவாக நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. இரண்டு லேன் உள்ள ஒரு சாலை மணிக்கு 4,000 வண்டிகளைக் கடத்திவிடும் என்று வைத்துக்கொள்வோம். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு, மணிக்கு 4,400 வண்டிகள் வருகின்றன. மணிக்கு 400 வண்டி தேங்குகிறது. இரண்டு மணி நேரம் முடியும்போது 800 வண்டிகள் வரிசையில் நிற்கும், கடைசியாக வந்தவருக்கு 12 நிமிடம் தாமதம். அதன் பிறகு வரத்து 3,200 ஆகக் குறைந்தாலும் அந்த வரிசை கரைய இன்னொரு மணி நேரம் பிடிக்கும். எல்லா வண்டிகளின் காத்திருப்பையும் கூட்டினால் 1,200 வண்டி-மணி.

இப்போது வரத்தில் 5 சதவீதத்தை மட்டும் குறைத்துப் பாருங்கள். மணிக்கு 4,180 வண்டிகள். வரிசை 360-ஐத் தாண்டாது. கடைசி ஆளின் தாமதம் ஐந்தரை நிமிடத்துக்குள். அரை மணி நேரத்துக்குள் சாலை தெளிந்துவிடும். மொத்தக் காத்திருப்பு சுமார் 440 வண்டி-மணிதான். ஐந்து சதவீத வண்டிகள் குறைந்ததில் அறுபது சதவீதத்துக்கு மேல் தாமதம் போயிற்று. நிஜச் சாலையில் ஆதாயம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். வரிசை ஒருமுறை உருவாகிவிட்டால் சாலையின் கொள்திறனே சற்றுக் குறைந்துவிடுகிறது, அந்தச் சரிவையும் தவிர்த்துவிடலாம்.

பயணத் தேவை மேலாண்மை என்பது இந்த ஐந்து முதல் பத்து சதவீதப் பயணங்களைத்தான் குறிவைக்கிறது. அவற்றை வேறு நேரத்துக்கோ வேறு வாகனத்துக்கோ வேறு இடத்துக்கோ மாற்ற வேண்டும், இல்லையேல் அந்தப் பயணமே தேவைப்படாமல் செய்ய வேண்டும். எல்லோரையும் காரை விட்டு இறக்குவது நோக்கமில்லை. சாலையை அகலப்படுத்துவது மாற்று வழி என்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அமெரிக்க நகரங்களின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் டுரான்டன், டர்னர் இருவரும் 2011ல் வெளியிட்ட முடிவு, லேன் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் ஓடும் வண்டி-கிலோமீட்டரும் கூடிவிடுகிறது என்பதுதான்.

அதிகாரம் யார் கையில்?

நியூயார்க் நகரம் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் விதிக்க 2007-08ல் முயன்றது. மேயர் புளூம்பெர்க் திட்டம் தந்தார், நகர மன்றமும் ஒப்புக்கொண்டது. 2008 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றம் அதை வாக்கெடுப்புக்கே எடுக்காமல் விட்டுவிட, திட்டம் செத்துப்போனது. 2019ல் மாநிலமே சட்டம் இயற்றிய பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. 2024 ஜூனில் மாநில ஆளுநர் நிறுத்திவைத்தார். பிறகு அவரே கட்டணத்தை 15 டாலரிலிருந்து 9 டாலராகக் குறைத்து அனுமதிக்க, 2025 ஜனவரி 5 அன்று நடைமுறைக்கு வந்தது. தெருவெல்லாம் நகரத்தினுடையது, நெரிசலில் நிற்பவர்களும் அங்கே வாழ்பவர்கள், வேலைக்கு வருபவர்கள். ஆனாலும் சாவி மாநிலத்தின் கையில் இருந்தது.

ஆகவே எந்தத் திட்டத்தையும் அறிவிக்கும் முன் ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் கருவிகள்: சாலைக் கட்டணம், பார்க்கிங் கட்டணம், பார்க்கிங் வரி, பேருந்து லேன், அலுவலக நேரம், பள்ளி நேரம், வாகன வரி, கட்டட அனுமதி விதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: எந்தச் சட்டம் அனுமதிக்கிறது, யார் பணம், யார் கண்காணிப்பு, வசூலாகும் தொகை எந்தக் கணக்கில் சேரும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தக் கருவி அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் காலியாக இருப்பது நான்காவது கட்டம். பணம் பொதுக் கருவூலத்துக்குப் போய்விட்டால், அடுத்த ஆண்டு பேருந்து ஓட்டப் பணம் இருக்காது.

இந்த அட்டவணையைப் போட்டு முடித்ததும் மாநிலம் எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். கார் பகிர்வுக்குச் செயலி உருவாக்குவது, சுவரொட்டி ஒட்டுவது, சைக்கிள் தினம் கொண்டாடுவது எல்லாம் மாநிலத் தலைமையகத்தின் வேலையல்ல. அதிகாரிகளுக்கு இவை பிடிக்கும், யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்பதால். அனுமதிச் சட்டம், நிதி, தரவு, சொந்த ஊழியர்கள் ஆகிய நான்கையும் வேறு யாராலும் தர முடியாது. அவற்றில் கவனம் வையுங்கள்.

அளவெடுப்பது

மாநிலம் முழுமைக்கும் ஒரே இலக்கு வைத்தால் எங்கும் எதுவும் நடக்காது. நெரிசல் மிகுந்த மூன்று அல்லது நான்கு வழித்தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என்ற கணக்கில் வண்டிகளை எண்ணுங்கள். ஒரு மணி நேரச் சராசரியில் வரிசை உருவாகும் கணம் மறைந்துவிடும். விடுமுறையும் தேர்வும் இல்லாத வாரங்களில், செவ்வாய் முதல் வியாழன் வரை, குறைந்தது இரண்டு வாரம் எண்ணுங்கள். வண்டிகளை மட்டும் எண்ணினால் போதாது, உள்ளே எத்தனை பேர் என்பதையும் சாலையோரம் ஆள் நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும். ஐம்பது பேர் உள்ள பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும் வண்டிக் கணக்கில் ஒன்றுதான். ஆள் கணக்கு இல்லாவிட்டால் பேருந்து லேன் எப்போதும் 'காலியாகக் கிடக்கும் லேன்' என்றே பேசப்படும்.

எதை அளக்கிறோம் என்பது எதைக் கட்டுகிறோம் என்பதையும் தீர்மானிக்கும். கலிஃபோர்னியா 2013ல் இயற்றி, 2020 ஜூலை முதல் மாநிலம் முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம் இதைத்தான் தொட்டது. புதிய கட்டடங்களின் சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும்போது, சந்திப்பில் கார் எத்தனை வினாடி காத்திருக்கும் என்று பார்ப்பதை நிறுத்தி, அந்தக் கட்டடத்தால் எவ்வளவு தூரம் கூடுதலாக வண்டி ஓடும் என்று பார்க்கச் சொன்னது. பழைய அளவுகோலில் ரயில் நிலையத்தை ஒட்டி வரும் அடுக்குமாடி வீடு கெட்டது, ஊருக்கு வெளியே வயல்வெளியில் வரும் வீடு நல்லது.

பணியிடங்களில் எடுக்கும் கணக்கெடுப்பில் 'வழக்கமாக எப்படி வருகிறீர்கள்?' என்று கேட்காதீர்கள். மாதம் ஒரு முறை ரயிலேறுபவரும் ரயில் என்றே எழுதுவார். 'போன வாரம் திங்கள் எப்படி வந்தீர்கள், செவ்வாய்?' என்று ஐந்து நாளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் தராதவர்களைத் தனியாகக் கார் ஓட்டி வருபவர்களாகக் கணக்கில் எடுங்கள். படிவங்களைத் திரும்ப வாங்குவதில் நிறுவனத்துக்கே அக்கறை வந்துவிடும்.

200 பேர் வேலை செய்யும் இடத்தில் வாரத்துக்கு 1,000 ஆள்-நாட்கள். படிவங்களைக் கூட்டினால் தனியாகக் காரில் 620, இருவராகக் காரில் 160, பேருந்து அல்லது ரயில் 120, நடை அல்லது சைக்கிள் 40, வீட்டிலிருந்து வேலை 60 என்று வருகிறது. இருவர் வரும் கார்கள் 80 என்பதால் வாரத்துக்கு மொத்தம் 700 கார்கள், நாளுக்கு 140. பத்து சதவீதம் குறைக்க நாளுக்கு 14 கார்கள் குறைந்தால் போதும். தனியாகக் காரில் வருபவர்களில் 35 பேர் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலே அது கிடைத்துவிடும். இங்கேதான் ஓட்டை. விட்டுவிட்டால் அந்த 35 பேரில் பெரும்பாலோர் திங்களையும் வெள்ளியையும்தான் தேர்ந்தெடுப்பார்கள். காகிதத்தில் இலக்கு எட்டப்பட்டிருக்கும், புதன்கிழமை சாலையில் ஒரு கார்கூடக் குறைந்திருக்காது. நாட்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுதிவிடுங்கள், அறிக்கையையும் கிழமைவாரியாகக் கேளுங்கள்.

முதலாளிகளுக்கான சட்டம்: இரண்டு மாதிரிகள்

வாஷிங்டன் மாநிலம் 1991ல் இயற்றிய பணிப்பயணக் குறைப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரே இடத்தில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முழுநேர ஊழியர்கள் காலை 6 முதல் 9 மணிக்குள் வேலை தொடங்கும் நிறுவனங்கள்தான் அதன் இலக்கு. இரவுப் பணி ஆலையைத் தொந்தரவு செய்வதில்லை, உச்ச நேரத்தில் சாலைக்கு ஆள் அனுப்புபவரை மட்டும் பிடிக்கிறது. நிறுவனம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், திட்டம் எழுதி நடைமுறைப்படுத்த வேண்டும், கணக்கெடுப்பு நடத்த வேண்டும். நல்லெண்ணத்தோடு இவற்றைச் செய்தும் இலக்கு எட்டவில்லை என்றால் அதற்காக அபராதம் இல்லை. எதுவும் செய்யாமல் இருந்தால்தான் அபராதம்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் வட்டார அமைப்பு 1987ல் கொண்டுவந்த பதினைந்தாம் விதி அதற்கு முன்னோடி. அதுவும் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடங்களுக்குத்தான். ஆனால் அது ஒரு காருக்குச் சராசரியாக இத்தனை பேர் என்ற எண்ணை இலக்காக வைத்து, ஒவ்வொரு பணியிடத்துக்கும் விரிவான திட்ட ஆவணம் கேட்டது. ஆலோசகர்களுக்கு நல்ல வருமானம், முதலாளிகளுக்கு எரிச்சல். 1995ல் மாநிலச் சட்டமன்றமே இத்தகைய கட்டாயத்துக்குத் தடை போட்டது.

சட்டம் எழுதுபவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். திட்டப் படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை போதும். அவசர வீட்டுப் பயண உறுதியைக் கட்டாயமாக்குங்கள்: கார் கொண்டுவராத ஊழியருக்கு நடுப்பகலில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தால், நிறுவனச் செலவில் டாக்ஸி. பயன்படுத்துபவர் மிகச் சிலரே, செலவும் அற்பம். ஆனால் அது இல்லாவிட்டால் பலர் காரை வீட்டில் விடத் துணிய மாட்டார்கள்.

சட்டம் தனியாரைத் தொடும் முன் தலைமைச் செயலகம் அதைக் கடைப்பிடித்திருக்க வேண்டும். பல தலைநகரங்களில் மாநில அரசுதான் பெரிய முதலாளி. அமைச்சருக்கும் செயலருக்கும் இலவசப் பார்க்கிங் இருக்கும்வரை மற்றவர்களிடம் பேச வாய் வராது.

பார்க்கிங்: கூர்மையான கருவி

அலுவலகத்தில் பார்க்கிங் இலவசம் என்றால் முதலாளி கார் ஓட்டி வருபவருக்கு மட்டும் மாதச் சலுகை தருகிறார் என்று பொருள். பேருந்தில் வருபவருக்கு அது இல்லை. கலிஃபோர்னியா 1992ல் இயற்றிய சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள, வாடகைக்குப் பார்க்கிங் எடுத்துத் தரும் நிறுவனங்கள், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதற்கான பணத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்றது. பார்க்கிங் ஆய்வாளர் டொனால்ட் ஷூப் எட்டு நிறுவனங்களை ஆராய்ந்து 1997ல் வெளியிட்டதில், தனியாகக் கார் ஓட்டி வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். புதிய பேருந்தும் இல்லை, புதிய சாலையும் இல்லை, சம்பளச் சீட்டில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் அந்த மாநிலம் முழுக்க நெரிசல் குறையவில்லை? முதலாளியே இடத்துக்குச் சொந்தக்காரர் என்றாலோ, பார்க்கிங் வாடகை அலுவலக வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்தாலோ சட்டம் தொடாது. தொட்ட இடங்களிலும் கண்காணிக்க ஆள் இல்லை. உங்கள் சட்டத்தில் இரண்டு பிரிவுகளைக் கூடுதலாகச் சேருங்கள்: வணிகக் கட்டடங்களின் குத்தகையில் பார்க்கிங் வாடகை தனி வரியாகக் காட்டப்பட வேண்டும், எந்த அலுவலகம் சோதனை நடத்தும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும்.

ஆஸ்திரேலிய மாநிலங்கள் வேறு வழியில் போயின. நியூ சவுத் வேல்ஸ் 1992ல் சிட்னி மையப் பகுதியின் பார்க்கிங் இடங்களுக்கு ஆண்டுத் தீர்வை விதித்தது. மேற்கு ஆஸ்திரேலியா பெர்த்துக்கு 1999ல் சட்டம் போட்டு, வந்த பணத்தில் நகர மையத்தின் இலவசச் சுற்றுப் பேருந்துகளை ஓட்டியது. விக்டோரியா 2006ல் மெல்போர்னில் தொடங்கியது. இவற்றில் பெர்த் மாதிரிதான் மக்களிடம் எளிதாக எடுபடும். பணம் எங்கே போகிறது என்பது கண்முன்னே ஓடுகிறது. தீர்வையின் குறை, அது கட்டட உரிமையாளர் மீது ஆண்டுக்கொரு முறை விழுவது. காலை எட்டு மணிக்கு வருபவருக்கும் பதினொரு மணிக்கு வருபவருக்கும் வேறுபாடு இல்லை. உரிமையாளர் அதை வாடகையில் கலந்துவிட்டால் ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது.

புதுக் கட்டடத்தில் குறைந்தது இத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுவது செலவே இல்லாத வேலை. கலிஃபோர்னியா 2023 முதல், முக்கியப் பொதுப்போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள் அந்த விதியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. பலன் மெதுவாகத்தான் வரும்.

சாலைக் கட்டணம்: எது முதலில் என்பது முக்கியம்

ஸ்டாக்ஹோம் 2006 ஜனவரி 3 அன்று நெரிசல் கட்டணச் சோதனையைத் தொடங்கியது. அதற்கு நான்கு மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஜூலை இறுதியில் சோதனை முடிந்ததும் வண்டிகள் பெரும்பாலும் திரும்பி வந்தன. 2007 ஆகஸ்டில் நிரந்தரமானபோது மறுபடி குறைந்தன. குறைத்தது கட்டணமா, பேருந்தா என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. பேருந்துகள் மட்டும் ஓடிய மாதங்களில் கார்கள் குறையவில்லை. ஆனாலும் பேருந்துகள் முன்னால் வராமல் கட்டணம் வந்திருந்தால் மக்கள் பொறுத்திருக்க மாட்டார்கள்.

கட்டணத் தொகையைச் சட்டத்தில் எண்ணாக எழுதிவிடாதீர்கள். சிங்கப்பூர் வேகத்தை இலக்காக வைக்கிறது: விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், நகரப் பெருஞ்சாலையில் 20 முதல் 30. வேகம் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். இறங்குவதும் விதியில் இருப்பதால் 'இது வசூல் தந்திரம்' என்ற பேச்சு மட்டுப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தால் கட்டணம் பத்தாண்டு அசையாமல் கிடக்கும்.

வர்ஜீனியா மாநிலம், வாஷிங்டன் தலைநகரத்தை நோக்கிச் செல்லும் 66ஆம் எண் நெடுஞ்சாலையில், தலைநகரைச் சுற்றும் வட்டச் சாலைக்கு உட்பட்ட பகுதியில் 2017 டிசம்பரில் நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் கொண்டுவந்தது. அதுவரை உச்ச நேரத்தில் அங்கே தனியாக ஓட்டுவோருக்குப் பொதுவாக அனுமதியே இல்லை. இருவர் இருந்தால் இலவசம், தனியாக என்றால் பணம் என்றாக்கினார்கள். வருவாயின் ஒரு பகுதி அதே வழித்தடத்துப் பேருந்துகளுக்கும் பிற மாற்றுகளுக்கும் போகிறது. 2022 டிசம்பரில் இலவசத்துக்கு மூவர் என்று உயர்த்தினார்கள். அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி, பலர் சேர்ந்து வரும் கார்களுக்கென்று ஒதுக்கி, மற்றவர்களுக்கும் சலுகை தரப்பட்ட பகிர்வு லேனில் உச்ச நேரச் சராசரி வேகம், 180 நாட்களில் 90 சதவீத நேரமாவது மணிக்கு 45 மைலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், குறைந்தால் மாநிலம் சரிசெய்ய வேண்டும். இத்தகைய விதி எங்கும் தேவை. பகிர்வு லேன் கெட்டுப்போவது எப்போதும் ஒரே விதத்தில்தான்: மின்சாரக் காருக்கு விலக்கு, அரசு வண்டிக்கு விலக்கு, பத்திரிகையாளருக்கு விலக்கு என்று ஆளாளுக்குக் கொடுத்து, கடைசியில் பேருந்தும் அதே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு விலக்குக்கும் முடியும் தேதி எழுதுங்கள்.

எண் பலகையின் கடைசி இலக்கத்தை வைத்துக் கார்களைத் தடுப்பது மாநிலங்களுக்குச் சுலபமாகத் தோன்றும். மெக்சிகோ நகரம் 1989ல் தொடங்கியது. பின்னர் நடந்த ஆய்வில் காற்று மேம்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை, வாகன எண்ணிக்கைதான் கூடியிருந்தது. இரண்டாவது எண் பலகைக்காகவே பழைய கார் வாங்கினார்கள். இரண்டு வாரத்து அவசரத்துக்கு உதவலாம், நிரந்தர ஏற்பாட்டுக்கு ஆகாது.

நேரத்தை நகர்த்துவது

மெல்போர்ன் ரயிலில் 2008 முதல் அதிகாலைப் பயணம் இலவசம். சிங்கப்பூர் 2013ல் நகர மைய நிலையங்களில் காலை 7.45க்கு முன் இறங்குவோருக்கு இலவசமாக்கியது, 2017 இறுதி வரை அது நீடித்தது. மாற்று வாகனமே நிரம்பி வழியும்போது இது முதலில் செய்ய வேண்டிய வேலை. அலுவலக நேரத்தைப் பிரிக்கும்போது 15 நிமிட இடைவெளி பயன்படாது, 30 நிமிடமாவது வேண்டும். ஒரே பகுதியின் எல்லா அலுவலகங்களும் சேர்ந்து எட்டரைக்கு நகர்ந்தால் நெரிசலும் எட்டரைக்கு நகரும். பள்ளி நேரம் மாறாமல் பெற்றோரின் நேரம் மாறாது. பல இடங்களில் பள்ளி நேரம் மாநிலக் கல்வித்துறையின் கையில் இருப்பதால் அந்தத் துறைச் செயலரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

பெரிய சாலைப் பணிக்காக ஒரு தடம் மூடப்படும் காலம் பழக்கத்தை மாற்ற அரிய வாய்ப்பு. சியாட்டிலில் 2019 ஜனவரியில் கடலோர மேம்பாலத்தை மாநிலம் நிரந்தரமாக மூடி, மாற்றுச் சுரங்கச் சாலை திறக்கும்வரை மூன்று வாரம் அந்தத் தடமே இல்லாதபோது பயந்த அளவுக்கு ஊர் ஸ்தம்பிக்கவில்லை. மக்கள் நேரத்தையும் வாகனத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பணி தொடங்குவதற்கு மூன்று மாதமாவது முன்பே நிறுவனங்களிடம் பேசத் தொடங்குங்கள். பணி ஒப்பந்தத் தொகையிலேயே இதற்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

பணமும் சரிபார்ப்பும்

ஆயிரம் பேருக்கு இலவசப் பேருந்துப் பாஸ் கொடுத்தீர்கள். அதில் 800 பேர் ஏற்கெனவே பேருந்தில் வந்தவர்கள். நீங்கள் வாங்கியது 200 புதிய பயணிகளை மட்டுமே. ஒரு பாஸுக்கு 100 அலகு செலவானால் ஒரு புதிய பயணிக்கு ஆன உண்மையான செலவு 500. எந்த நகரத்துக்கு மானியம் தந்தாலும் இந்த 500ஐத்தான் அறிக்கையில் கேட்க வேண்டும். தவிர, மாற்றம் செய்யாத ஒத்த தடம் ஒன்றையும் கூடவே எண்ணுங்கள். எரிபொருள் விலை ஏறியதால் குறைந்த வண்டிகளுக்கு உங்கள் திட்டம் பெயர் வாங்கக் கூடாது.

காலியான இடம் காலியாகவே இருக்காது. வேறு சாலையில் போனவர், வேறு நேரத்தில் போனவர், பேருந்தில் போனவர் என மூன்று பக்கமிருந்தும் ஆட்கள் திரும்புவார்கள். கட்டணம் இல்லாத திட்டங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். வண்டி குறைந்த அந்த மாதங்களிலேயே ஒரு லேனைப் பேருந்துக்கு மாற்றுங்கள், சிக்னல் நேரத்தைத் திருத்துங்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் பேருந்துக்குக் கொடுக்க லேன் மிச்சம் இருக்காது.

முதல் எண்ணிக்கைக்கு ஆறு மாதம், சட்டமும் பேருந்துகளும் தயாராக ஒரு வருடம், அதன்பின் கட்டணமோ தீர்வையோ என்று கால அட்டவணை போடலாம். மூன்றாம் ஆண்டு எண்ணிக்கைக்கான தொகையை முதல் ஆண்டிலேயே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், எண்ணும் வேலையைத் திட்டத்தை நடத்தும் துறையிடம் கொடுக்காதீர்கள்.